சும்மா வந்த படகும் அக்கரைப் பெரட்டும்

யாராவது ஒரு பொருள் சும்மா கிடைக்கிறது என்று சொன்னால் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. எழுந்து வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன், சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவேன், மறுபடி வாசலுக்குப் போவேன். ஓய்வு பெற்ற பிறகு ஹாலிஎலையில் மகள் வீட்டோடு இருக்கிறேன். "ரயில் ஏதும் வரணுமாப்பா, இப்படி பிளாட்பாரத்துல நடக்குற மாதிரி நடக்குறீங்க" என்று அவள் கேட்பாள்.

போன மாதம் என்னை அப்படி நடக்க வைத்தவன் கணேசன். லுணுகலைக்கு அப்பால் உள்ள எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரம் திருத்துகிற பிட்டராக நான் பார்த்த வேலையை இப்போது அவன் பார்க்கிறான். போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். தென்னை மரத்தடியில் கவிழ்த்துப் போட்ட பழைய பைபர் படகு. கீழே அவன் குரல்: "அண்ணே, பக்கத்துத் தோட்டத்துக்கு இதை சும்மா தர்றாங்களாம். லொறி மட்டும் நாம அனுப்பினா போதுமாம். எடுக்கலாமான்னு கேக்குறாங்க. நீங்கதான் படகு பாத்தவராச்சே."

நான் படகு பார்த்தவன்தான். அதைப் பற்றிப் பதில் சொல்லத் தொடங்கி, போனை வாயருகே பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்து நடந்து பேசி அனுப்பினேன். மறுநாள் கணேசன் சொன்னான், "அண்ணே, ஒங்க பேச்சைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள டிரையர் ஆறிப் போச்சு. கொஞ்சம் எழுதித் தாங்களேன்." எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தும் இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.

எனக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. ஆனால் ஆட்கள் பேசுவதை அப்படியே மனதில் போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் சின்ன வயதிலிருந்து உண்டு. எந்த வருடம் என்ன நடந்தது என்று கேட்டால் திணறுவேன். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். தொழிற்சாலைக்குள் துடைப்பத்தோடு நுழைந்தேன், பிறகு எண்ணெய்க் குவளை கைக்கு வந்தது, பிறகு ஸ்பேனர். என் இளமை இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். அடங்காதவர் சிறிசேன பாஸ்.

அவர்தான் எங்கள் தலைமை பிட்டர். பதுளைப் பக்கத்துச் சிங்களவர். தமிழை எங்களைப் போலவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் பேசவே மாட்டார். பழுதான இயந்திரத்தைக் காட்டினால் முதலில் அதைத் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். அப்புறம் ஒரு சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர், கேட்பார். அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நாங்கள், "பாஸ், ஓட்டிக் காட்டவா?" என்று கேட்டால், "ஓடுறப்ப என்ன செய்யுதுன்னு எல்லாருக்கும் தெரியும். சும்மா இருக்குறப்ப என்ன செய்யுது, அதைச் சொல்லு" என்பார். எங்கே எண்ணெய் சொட்டுகிறது, எங்கே துரு ஏறுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னதெல்லாம் கேட்ட பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். கடிகாரம் கழன்றால் கை உள்ளே போகப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் விளையாட்டுப் பேச்சுப் பேச முடியாது. கொழுந்தை உருட்டுகிற ரோலரைக் கையாலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, "அடியில யாரு?" என்று உரக்கக் கேட்டு, பதில் வந்த பிறகு மறுபடியும் கேட்டுத்தான் சுவிட்சைப் போட விடுவார். அவர் காலத்தில் எங்கள் தொழிற்சாலையில் ஒருவர் விரலும் போகவில்லை.

ஒருமுறை மூடிப் போன ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய ரோலர் ஒன்று ஏறக்குறைய இனாமாக வந்தது. தண்டு வளைந்திருந்தது, அதை மாற்றினோம். தண்டு புதிதானதும் பித்தளைத் தட்டு அதோடு ஒத்துப்போகவில்லை, அதையும் மாற்றினோம். பிறகு கால், பிறகு மோட்டார். கடைசியில் அந்த இயந்திரத்தில் பழசாக மிஞ்சியது அதில் அடித்திருந்த பெயர்த் தகடு மட்டும். பாஸ் அந்தத் தகட்டைத் துணியால் துடைத்துவிட்டு, "நல்ல மெசின். சும்மாதான் வந்திச்சு" என்றார். சிரிக்கவில்லை.

படகுக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஓடை மேல் ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டினால் தொழிற்சாலை. கீழே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது ஓடை வீங்கிக் குளமாகி, பாலம் அதற்குள் போய்விட்டது. அதன் பிறகுதான் அந்த லயத்துக்கு அக்கரை என்று பேர் வந்தது. மலையைச் சுற்றிப் போகிற வண்டிப் பாதை ஒன்று இருந்தது. கொஞ்ச காலம் தோட்டத்து லொறி அதில் போய்ப் பெண்களை ஏற்றி வந்தது. முதலில் டீசல் இல்லாமல் போனது. டீசல் வந்தபோது பாதை இல்லை. மழைக்கு மண் சரிந்து மூடிவிட்டது. மிஞ்சியது ஒற்றையடிப் பாதை. அதில் சுற்றி வந்தால் காலைப் பெரட்டு கலைந்து போயிருக்கும்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் விடியலில் எல்லாரும் கூடி நிற்பதுதான் பெரட்டு. அங்கே கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். வந்தவர்களுக்கு அன்றைக்குப் பேர் உண்டு. பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது எவ்வளவு பறித்தாலும் பாதி நாள் கூலி. அக்கரைப் பெண்கள் மழையில் மலையைச் சுற்றி ஓடி வந்து, மூச்சு வாங்க நின்று, நாள் தவறாமல் அரைப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளையும் கெட்டவர் இல்லை. மேலிருந்து வந்த உத்தரவு என்று தரையைப் பார்த்துச் சொல்வார்.

அக்கரைக்காரிகளுக்கு முன்னால் நிற்பவர் ராக்கம்மா அக்கா. எனக்குச் சில வயது மூத்தவர். அவர் வாயிலிருந்து வந்தவற்றை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒரு நாள் கணக்கப்பிள்ளையிடம் சொன்னார், "ஐயா, தண்ணியும் நாங்க கேட்டு வரல, மண்ணும் நாங்க தள்ளி விடல. அதுங்களுக்கு அரைப் பேரு போடுங்க." இன்னொரு நாள் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இந்த நேரத்தில்தான் சின்னத்துரை படகோடு வந்தார். உதவி மேனேஜர், இளம் வயது, தோட்டத்துக்கு வந்து அதிக காலம் ஆகாதவர். மனசு நல்ல மனசு. பெண்கள் அரைப் பேரோடு போவதைப் பார்த்து அவருக்கே தாங்கவில்லை. கடற்கரைப் பக்கம் ஹோட்டல் நடத்துகிற அவருடைய நண்பர் ஒருவர் பழைய பைபர் படகு ஒன்றைச் சும்மா தருவதாகச் சொன்னாராம். மடுவத்துக்கு முன்னால் அவர் அதை அறிவித்தபோது சனங்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சிறிசேன பாஸ் அன்றைக்குத் தொழிற்சாலைக்குள் கொழுந்து வாட்டுகிற மின்விசிறியைத் திருத்த அதற்குக் கீழே படுத்திருந்தார்.

கணேசா, சும்மா வந்த அந்தப் படகு தின்ற கதையை இங்கிருந்து கேட்டுக்கொள். முதலில் தின்றது டீசல். மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த டீசலை ஊற்றிக்கொண்டு லொறி கடற்கரைக்குப் போனது. பிபிலை வழியாகத் திரும்பி வரும்போது படகு லொறியைவிட நீளம் என்று தெரிந்தது. வளைவு வருகிற இடமெல்லாம் படகின் மூக்கு மலையில் இடித்தது. முன்னால் இரண்டு பேர் நடந்து கிளை வெட்டினார்கள், ஒருவர் மூங்கிலால் கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

வந்து இறங்கியதும் பூசை. தோட்டத்துக்கு எந்த வாகனம் வந்தாலும் அப்படித்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் அது ஓரடி நகராது. படகுக்கு டயர் இல்லை. பூசாரி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, கொண்டு வந்த லொறியின் டயருக்கே வைத்து முடித்தோம். கோயிலுக்கு வாங்கி வைத்திருந்த பெயின்ட்டால் படகு முழுக்கப் பச்சை அடித்து, மூக்கில் முத்துமாரி என்று எழுதினார்கள். ராக்கம்மா அக்கா சிவப்புத் துணி கொண்டு வந்து அந்த மூக்கில் சாத்தினார். பெயின்ட் காய்ந்த பிறகு, அடியில் என்ன வெடிப்பு இருந்தது, எங்கே ஒட்டுப் போட்டிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் முதலில் பூசை செய்துவிட்டோம். பூசை செய்த பொருளைக் கத்தியால் சுரண்டிப் பார்க்க யாருக்குக் கை வரும்?

எஞ்சின் தேடி நான் பதுளைக்குப் போனேன். இரும்புக் கடை நானா (முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்குப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "படகை சும்மா தந்த ஆளு எஞ்சினை ஏன் தரல? அதைக் கேட்டீங்களா தம்பி?" கேட்கவில்லை. எஞ்சின் இல்லாமல் திரும்பி வந்தேன். அந்தக் காலத்தில் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்கக் கம்பி கட்டியிருந்தார்கள். அந்தப் பழைய கம்பி ஸ்டோர் மூலையில் சுருண்டு கிடந்தது. அதைத் தண்ணீருக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினோம். கம்பியைப் பிடித்து இழுத்தால் படகு தானாகப் போகும். அந்த யோசனை என்னுடையது. அது நல்ல யோசனைதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆள் ஏறாமல் படகைத் தண்ணீரில் இறக்கினோம். உள்ளே தண்ணீர் ஊறியது. இழுத்துப் போட்டோம். லயத்துக் கூரை ஒழுகினால் என்ன செய்வோமோ அதையே செய்தோம்: சாக்குத் துண்டைத் தாரில் நனைத்து வெளியே ஒட்டினோம். மறுநாள் வேறிடத்தில் ஊறியது. அங்கேயும் ஒட்டினோம். கூரையை நாங்கள் அப்படித்தான் காலம் காலமாகப் பார்க்கிறோம். ஒழுகுகிற இடத்தை அடைத்தால் அடுத்த மழை வரைக்கும் நிம்மதி. அந்த வருடம் லயத்துக் கூரைகளுக்கென்று வந்த தார் பீப்பாய் படகிலேயே காலியானது. மழை தொடங்கியபோது அக்கரையில் ஒழுகாத வீடு இல்லை. "என் வூட்டுத் தாரு பூரா ஆத்தா பூசிக்கிட்டா. பரவால்ல, அவ ஒழுகாம இருந்தா போதும்" என்றார் ராக்கம்மா அக்கா, வீட்டுக்குள் சட்டி வைத்துக்கொண்டே.

அந்த நாட்களில் பாலத்துக்கு அளக்க ஒருவர் வந்தார். சனங்கள் எப்போதோ கேட்டு வைத்திருந்த தொங்குபாலம். ஓர் அலுவலகத்திலிருந்து நாடாவோடும் குடையோடும் வந்தவர் கரையில் நின்றார். பச்சைப் பெயின்ட்டில் பளபளவென்று படகு, குறுக்கே கம்பி. "அதான் படகு வந்திருச்சே. ஒண்ணுமே இல்லாத இடம் எத்தனையோ காத்துக்கிட்டு இருக்கு" என்று நாடாவைச் சுருட்டினார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. சின்னத்துரை அவரைப் படகுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் வேறு எடுத்துக்கொண்டார். டீசல் போனால் வரும், தார் போனால் வரும். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போன மனிதரை எங்கே போய்ப் பிடிப்பது?

ஒருவழியாகத் தண்ணீர் ஊறுவது நின்றது. படகின் உள்தளம் துணியால் துடைத்தது போல் காய்ந்து கிடந்தது. எல்லாருக்கும் சந்தோசம். படகை மடுவத்தின் பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டு, மறு வாரம் அக்கரைப் பெண்களை முதல் தடவையாக ஏற்றி வருவதென்று நாள் குறித்தார்கள். அந்த வாரம் முழுக்க மழை.

குறித்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் படகைக் கரைக்குக் கொண்டு போகத் தூக்கினோம். எழும்பவில்லை. போன வாரம் தண்ணீரிலிருந்து தூக்கி வந்து வைத்த அதே ஆட்கள், அதே தோள்கள். சாமி தூக்கும்போது கொடுக்கிற சத்தம் கொடுத்துத் தூக்கினோம். மூக்கு எழும்பியது, பின்பக்கம் தரையை விட்டு வரவில்லை. "நல்லா சாப்புட்டு தூங்கியிருக்கு" என்று ஒருவன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். மழைத் தண்ணீர் கொஞ்சம்கூடத் தேங்கியிருக்கவில்லை. ஒரு வாரம் பெய்த மழை எங்கே போனது?

ஓடிப் போய் சிறிசேன பாஸைக் கூட்டி வந்தேன். அதுவரைக்கும் அவர் படகுப் பக்கம் வந்ததில்லை. தொழிற்சாலையைத் தனியாளாக ஓட்டிக்கொண்டிருந்தார், ஏனென்றால் நான் தார் பூசப் போயிருந்தேன். அதையும் படகின் கணக்கில் சேர்க்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். சாயத்தண்ணி வந்தது. குடித்தார். மூக்கிலிருந்து தொடங்கி மடக்கிய விரலால் தட்டிக்கொண்டே போனார். முன்னால் காய்ந்த பலகைச் சத்தம் கேட்டது. நடுவுக்கு வந்ததும் சத்தம் செத்துப் போனது, ஈரத் தலையணையில் தட்டுகிற மாதிரி. அங்கிருந்து கடைசி வரைக்கும் அப்படியே.

கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"செல்வராசு, ட்ரில்லை எடுத்து வா. அடியில ஓட்டை போடணும்" என்றார் என்னிடம்.

"பாஸ், இப்பத்தான் ஓட்டையெல்லாம் அடைச்சு முடிச்சோம்."

"அதுனாலதான்."

மறுநாள் ஏறப் போகிற படகைப் பார்க்க அக்கரைப் பெண்கள் சிலர் வேலை முடிந்து வந்து நின்றிருந்தார்கள். ராக்கம்மா அக்கா முன்னால் வந்தார்.

"என்னா பாஸ் பேசுறீங்க? ஆத்தா பேரு எழுதி, துணி சாத்தி, தேங்கா ஒடைச்சு வச்சிருக்கு. அவ வயித்துல ஓட்டை போடுவீங்களோ?"

பாஸ் மெதுவாகச் சொன்னார். "அக்கா, எனக்கு மெசின்தான் தெரியும், படகு தெரியாது. நான் நினைக்கிறது பிழைன்னா ஒரு ஓட்டை, நானே அடைச்சுத் தந்துருவேன். நீங்க நினைக்கிறது பிழைன்னா நாளைக்கு நடுத் தண்ணியிலதான் தெரியும்."

பெண்களுக்குள் யாரோ, தனக்கு நீச்சல் தெரியாது என்றாள். யாருக்குத்தான் தெரியும் என்றாள் இன்னொருத்தி. ராக்கம்மா அக்கா படகின் மூக்கருகே போய் நின்றார். நான் ட்ரில்லோடு இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாறி மாறி நின்றேன். கடைசியில் அவர் சிவப்புத் துணியை அவிழ்த்தார்.

"கொஞ்சம் எறங்கி நில்லு ஆத்தா. பாஸ் உள்ள பாக்கணுமாம். கோவம்னா என்னயக் கேளு, அவரக் கேக்காத."

துணியை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு பாஸ் பக்கம் திரும்பினார். "இப்ப இது வெறும் படகு. போடுங்க."

பின்பக்கம், அடியில் தாழ்வான இடத்தில் துளைத்தேன். தார், சாக்கு, பைபர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, ஒரு வெற்றிடத்தில் ட்ரில் சட்டென்று உள்ளே போனது. வெளியே எடுத்ததும் தண்ணீர் வந்தது. இரண்டு நாள் கிடந்த சாயத்தண்ணி நிறம், அழுகிய கொழுந்து வாடை. நின்றுவிடும் என்று பார்த்தோம். நிற்கவில்லை. உள்தளத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் நடுவே மிதப்புக்காக நுரைக்கட்டி அடைத்திருந்தார்கள். தளத்தின் விளிம்பில் இருந்த வெடிப்பு வழியாக மழையும் குளத்துத் தண்ணீரும் அதற்குள் இறங்கி ஊறிக் கிடந்தன. வெளியே நாங்கள் பூசிய தார் அதை ஒரு சொட்டும் வடிய விடவில்லை. கூரைக்கு மேலே மட்டும்தான் மழை. படகுக்கு மழையும் தண்ணீரும் எல்லாப் பக்கமும். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பாஸ் துளைக்குள் விரலை விட்டு உள்ளேயிருந்த மரச் சட்டத்தைத் தொட்டார். விரலோடு கொஞ்சம் மரம் பிய்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வடித்த பிறகு சட்டியில் மிஞ்சுகிற தேயிலைச் சக்கை போலிருந்தது. "இதுக்கு மேல நீங்க நின்னீங்கன்னா, எல்லாரும் ஒரு பக்கம் சாஞ்சதும் உள்ள இருக்கிற தண்ணியும் அதே பக்கம் ஓடும்" என்றார் பெண்களிடம். உள்ளங்கையை அப்படியே கவிழ்த்துக் காட்டினார்.

சின்னத்துரையும் கணக்கப்பிள்ளையும் வந்தபோதும் தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருந்தது. துரை அதைப் பார்த்தார், பிறகு எங்களை. திருத்த முடியுமா என்று கேட்டார். தளத்தை அறுத்து எடுக்க வேண்டும், நுரைக்கட்டி முழுவதையும் தோண்ட வேண்டும், மரச் சட்டம் புதிதாகப் போட வேண்டும், மழை ஓய்ந்து காய வேண்டும், பிறகு ரெசின் வாங்கி ஒட்ட வேண்டும் என்றார் பாஸ். "முடியும் தொர. அந்த ரோலரைத் திருத்தின மாதிரி." துரைக்கு அந்த ரோலர் கதை தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

"அப்ப நாங்க?" என்றார் ராக்கம்மா அக்கா.

இதுதான் கேள்வி. படகு இல்லை, பாதை இல்லை, பாலத்துக்காரரும் போய்விட்டார். விடிந்தால் அரைப் பேர். துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"பெரட்டு கலையிறதுக்கு முன்ன வந்தாத்தான் முழுப் பேரு தொர. அது நம்ம கையில இல்ல."

"ஐயா, பெரட்டு எங்க நடக்குது?" என்று கேட்டார் ராக்கம்மா அக்கா.

"இதென்ன கேள்வி? மடுவத்துக்கு முன்னால."

"மடுவத்துக்கு முன்னாலதான் நடக்கணும்னு மேல இருந்து சொன்னாங்களா?"

"சொல்லுவாங்களா அதை? அது எப்பவும் இங்கதான நடக்கும்."

"அப்ப நாளைக்கு அக்கரையில நடக்கட்டும். நாங்க எங்க லயத்து வாசல்ல கூடையோட நிக்கிறோம். பேரு கூப்புடுறவரு வந்து கூப்புடட்டும்."

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. லொறி தேடினோம், டீசல் தேடினோம், கடற்கரையிலிருந்து படகே கொண்டு வந்தோம். மடுவத்துக்கு முன்னால் கூடுகிற பெரட்டை இடம் மாற்றலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மலையைப் போல அதுவும் அங்கேயே இருப்பது என்றுதான் நினைத்திருந்தோம். அக்கரைக்கு மேலேயும் தேயிலை இருக்கிறது. அவர்கள் அங்கேயே பறிக்கலாம்.

"சரி, பறிச்ச கொழுந்தை யாரு தூக்கிட்டு வருவா?" என்று கணக்கப்பிள்ளை கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்த்தார்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். கம்பி குறுக்கே இழுத்துக் கட்டியபடியே நின்றது. கொழுந்து மூட்டைக்கென்றே பிறந்த கம்பி. கப்பி இரண்டும் கயிறும் இருந்தால் போதும், மூட்டை தண்ணீருக்கு மேலே வந்து சேரும் என்றேன். பாஸ் கைக்கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டு, இந்தக் கரையில் நின்று தானே இழுப்பதாகச் சொன்னார்.

துரை தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "நாளைக்கு நானே வர்றேன்."

கணேசா, உன் கேள்விக்குப் பதில் இதோ. படகைத் தூக்கிப் பார்க்கச் சொல். ஒரு மழைக்குப் பிறகு மறுபடி தூக்கிப் பார்க்கச் சொல். விரலால் தட்டச் சொல். பூசையும் பெயின்ட்டும் கடைசியில் இருக்கட்டும். முக்கியமாக, படகு வருகிறது என்றதும் எந்த வேலையை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள். எங்கள் படகு தின்றதில் பெரியது அதுதான். பாலத்துக்கு அளக்க வந்தவர் பிறகு திரும்பி வந்தார். இப்போது அங்கே தொங்குபாலம் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவரைத் திரும்பி வர வைத்தது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் விடியலில் துரையும் கணக்கப்பிள்ளையும் நானும் மலையைச் சுற்றி நடந்தோம். கப்பியும் கயிறும் என் தோளில். பாதி வழியில் துரையின் சப்பாத்து சேற்றில் புதைந்து, காலுறையோடு கால் மட்டும் வெளியே வந்தது. கணக்கப்பிள்ளை அட்டைக் கடிக்கு நின்று நின்று வந்தார். மண் சரிந்த இடத்தில் நாலு காலில் ஏறினோம். இந்தப் பாதையைத்தான் அந்தப் பெண்கள் கூடையோடு ஓடியே வருகிறார்கள் என்று நான் நினைத்தேன். துரையும் கணக்கப்பிள்ளையும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

அக்கரை லயத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் கூரைக்கு வந்துவிட்டது. பெண்கள் தலையில் துணி கட்டி, முதுகில் கூடையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் ராக்கம்மா அக்கா. கணக்கப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே பேர் கூப்பிட்டார். கூப்பிட்ட பேர் எல்லாம் முழுப் பேர். கூப்பிட்டு முடிகிற வரைக்கும் பொறுத்திருந்த ராக்கம்மா அக்கா, கல்லில் உட்கார்ந்து சப்பாத்திலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்த துரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வெயிலைப் பார்த்தார்.

"கணக்கப்புள்ள ஐயா, தொர இவ்வளவு பிந்தி வந்திருக்காரே. இவருக்கு முழுப் பேரா, அரைப் பேரா?"

கணக்கப்பிள்ளை மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். துரை தலை நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அரைப் பேரே போடுங்க அக்கா" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அன்றைக்கு நாடாவோடு வந்தவரின் நம்பரைத் தேடினார். அந்த லயத்தில் சிக்னல் கிடையாது. அது கிடைக்க வேண்டுமென்றால் மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏற வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். துரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, போனை உயரப் பிடித்தபடி, ஏறத் தொடங்கினார்.